எந்த மென்பொருளை நம்பிப் பத்திரங்களைக் கொடுப்பது: ஒரு மொழிபெயர்ப்பாளரின் அனுபவம்

நான் யாழ்ப்பாணத்தில் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளராகத் தொழில் செய்கின்றேன். பிறப்பு, விவாக, இறப்புச் சான்றிதழ்களையும் காணி உறுதிகளையும் பொலிஸ் அறிக்கைகளையும் தமிழிலும் சிங்களத்திலும் இருந்து ஆங்கிலத்துக்கு மாற்றிக் கொடுப்பதே என் வேலை. கொக்குவிலிலோ சுன்னாகத்திலோ இருந்து கையில் பத்திரத்தோடு வருபவர்களைவிட, ரொறன்ரோ, லண்டன், பாரிஸ் என்று வெளியில் இருந்துகொண்டு அவற்றைப் படம்பிடித்து அனுப்புபவர்களே இப்போது அதிகம். எங்கள் நாட்டில் பல காலமாக வழங்கப்பட்டு வந்த பிறப்புச் சான்றிதழ் வெறும் பெயரும் திகதியும் கொண்ட தாளன்று. தகப்பனின் முழுப்பெயர், தாயின் கன்னிப் பெயர், பிறந்த இடம், இனம், பெற்றோர் விவாகமானவர்களா என்பது வரை அதில் எழுதப்பட்டிருக்கும். தேசிய அடையாள அட்டையின் இலக்கமும் அப்படித்தான். 2016 முதல் வழங்கப்படும் 12 இலக்க அட்டையில் முதல் நான்கு இலக்கங்கள் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றும் அந்த ஆண்டின் எத்தனையாவது நாளில் பிறந்தவர் என்பதைக் காட்டும். பெண்ணாக இருந்தால் அந்த எண்ணோடு 500 கூட்டப்பட்டிருக்கும். இலக்கத்தை மட்டும் பார்த்தே ஒருவரின் பிறந்த நாளையும் ஆணா பெண்ணா என்பதையும் சொல்லிவிடலாம். வங்கிக்குத் தொலைபேசி எடுத்தால் அடையாளத்தை உறுதிப்படுத்தக் கேட்கும் கேள்விகளுக்கான விடைகளில் பாதி, என்னிடம் வரும் தாள்களிலேயே இருக்கின்றது என்பதை நான் எப்போதும் நினைவில் வைத்திருப்பேன்.

இந்தத் தாள்களைத் துப்புரவாகப் பிரதியெடுத்து பிடிஎப் கோப்பாக மாற்றுவதற்கு, என் கைத்தொலைபேசியில் ஸ்கேன் செய்யும் செயலி ஒன்றைப் பல காலமாகப் பயன்படுத்தி வந்தேன். விளம்பரங்கள் வேண்டாம் என்பதற்காக அதற்கு ஆண்டுச் சந்தாவும் கட்டியிருந்தேன். ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு கோப்புறை திறந்து, அந்த மாதத்துப் பத்திரங்களை எல்லாம் அதற்குள் இடுவது வழக்கம். ஒரு நாள் அந்தச் செயலி தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டது. அதற்கு முன்னர் பகிர்வதற்கான பொத்தானை அழுத்தினால் கோப்பே நேராகப் போகும். புதுப்பித்த பின்னர் அதே பொத்தான், அதே இடத்தில் இருந்துகொண்டு, கோப்பைச் செயலியை ஆக்கிய நிறுவனத்தின் சேவையகத்தில், அதாவது இணையத்திலுள்ள அவர்களின் கணினியில், ஏற்றி அதற்கான இணைப்பை மட்டும் அனுப்பத் தொடங்கியிருந்தது. வாடிக்கையாளர் அதைத் திறந்தால் அவருடைய பத்திரம் தெரிந்தது. ஆகவே யாருக்கும் வித்தியாசம் விளங்கவில்லை. பிறகு ரொறன்ரோவில் இருக்கும் ஒரு பெரியவர் எனக்குக் குரற்பதிவு அனுப்பினார். "தங்கச்சி, என்ர பத்திரத்தைத் திறந்து பக்கத்தில தட்டினால் வேற ஆக்களின்ர பத்திரங்களும் வருகுது, இது என்னெண்டு ஒருக்காப் பாருங்கோ" என்றார். அந்த இணைப்பை மடிக்கணினியில், எந்தக் கணக்கிலும் நுழையாமல் திறந்து பார்த்தேன். அந்த மாதத்துக் கோப்புறை முழுவதும் திறந்தது. கடவுச்சொல் கேட்கவில்லை, காலாவதித் திகதியும் இல்லை. அந்த இணைப்பு எவர் கையில் கிடைத்ததோ அவருக்கெல்லாம் என் வாடிக்கையாளர்களின் பிறப்பு, திருமணம், மரணம் அனைத்தும் திறந்து கிடந்தன.

அன்று எனக்கு ஏற்பட்ட பயத்தைச் சொல்லி விளங்க வைப்பது கடினம். யாரிடமும் கேட்கவும் முடியாது, ஏனெனில் கேட்பதற்கே அந்தப் பத்திரங்களை இன்னொருவருக்குக் காட்ட வேண்டியிருக்கும். கணினி திருத்துகின்ற தம்பி ஒருவரிடம் பொதுவாகக் கேட்டபோது, செயலியை நீக்கிவிட்டால் சரி என்றார். அது சரியன்று என்பதை நல்லவேளையாக நீக்குவதற்கு முன்னர் கண்டுகொண்டேன். செயலியை நீக்கினால் அது என் தொலைபேசியிலிருந்துதான் போகும். சேவையகத்தில் ஏறியவை அங்கேயே இருக்கும், அவற்றை அழிப்பதற்கான வழியும் என் கையிலிருந்து போய்விடும். ஆகவே இப்படி ஒன்று நேர்ந்தால் முதலில் திரைப்பிரதிகளை எடுத்து, இணைப்புகளையும் திகதியையும் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். அடுத்ததாகக் கணக்குக்குள் சென்று பகிர்வுகளை ஒவ்வொன்றாக நிறுத்த வேண்டும். பின்னர் கோப்புகளை அழித்து, குப்பைத் தொட்டியையும் வெறுமையாக்க வேண்டும். கணக்கை மூடுவது அதன் பிறகு. செயலியை நீக்குவது எல்லாவற்றுக்கும் கடைசியில். நான் இந்த ஒழுங்கில் செய்தும், கணக்கு மூடப்பட்ட பின்னரும் சில வாரங்களுக்குச் சில இணைப்புகள் திறந்துகொண்டே இருந்தன. நிறுவனத்துக்கு எழுதிய மின்னஞ்சல்களுக்கு இயந்திரம் அனுப்பும் பதிலே வந்தது. எங்களுக்கு 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கின்றது. ஆனால் வேறு நாட்டில் இருக்கும் சேவையகத்திலுள்ள ஒரு கோப்பை அன்றிரவே அழிப்பதற்கு அந்தச் சட்டத்தைக் கையில் எடுத்துக்கொண்டு நான் எங்கே போவது? இத்தகைய சம்பவங்களை கணினிப் பாதுகாப்புச் சம்பவங்களைக் கவனிக்கும் இலங்கை சேர்ட் நிறுவனத்தின் 101 என்ற இலக்கத்துக்கு அறிவிக்கலாம் என்பதையாவது எல்லோரும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் கோப்புறையில் இருந்த ஒவ்வொருவரையும் அழைத்து நடந்ததைச் சொன்னேன். சொல்லாமல் விட்டிருந்தால் அநேகமாக எவருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் வங்கியில் இரகசியக் கேள்விக்குத் தாயின் கன்னிப் பெயரை விடையாக வைத்திருப்பவர் அதை மாற்ற வேண்டுமானால், அவருக்கு நான் சொல்லியே ஆகவேண்டும். பலர் பொறுமையாகக் கேட்டார்கள், சிலர் ஏசினார்கள். ஏசியவர்களுக்கும் அமைதியாக இருந்தவர்களில் சிலருக்கும் கட்டணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். அது ஏறத்தாழ 60,000 ரூபாய் ஆகியது. மாதாமாதம் வேலை அனுப்பிக்கொண்டிருந்த ஒரு முகவர் அதோடு என்னை விட்டுவிட்டார். சந்தாப் பணத்தில் மிகுதியும் திரும்பி வரவில்லை. பணத்தைவிட, என்னிடம் தாளைக் கொடுத்தவர்களின் குரலில் அந்த அழைப்புகளின்போது ஏற்பட்ட தயக்கமே என்னை நெடுநாள் வாட்டியது.

பிறகு வேறொரு செயலியைத் தேடினேன். தேடுபொறியில் சிறந்த ஸ்கேன் செயலிகள், சிறந்த வி.பி.என். (எங்கள் இணையப் போக்குவரத்தை வேறொரு நிறுவனத்தின் கணினி வழியாக அனுப்பும்) சேவைகள் என்று எழுதினால் அழகான ஒப்பீட்டுப் பட்டியல்கள் வரும். அவற்றை நடுநிலையான மதிப்பீடு என்று எண்ணிப் படிப்பவர்களுக்கு ஒரு தகவல். பல வி.பி.என். சேவைகளைச் சொந்தமாக வைத்திருக்கும் கேப் டெக்னாலஜீஸ் என்ற நிறுவனம், வி.பி.என். சேவைகளை மதிப்பிட்டுத் தரவரிசைப்படுத்தும் பிரபலமான இணையத்தளங்களின் உரிமை நிறுவனத்தையும் 2021 ஆம் ஆண்டில் விலைக்கு வாங்கியது. அதே ஆண்டில் எக்ஸ்பிரஸ் வி.பி.என். சேவையை 936 மில்லியன் டொலருக்கு வாங்கியதும் அந்த நிறுவனந்தான். விற்பவரும் மதிப்பெண் போடுபவரும் ஒரே வீட்டுக்காரராக இருக்கும் இடத்தில், முதலாம் இடம் என்பதற்கு நான் எந்தப் பொருளும் கொடுப்பதில்லை. செயலிக் கடையில் காணப்படும் தரவுப் பாதுகாப்பு விபரங்களும் செயலியை ஆக்கியவரே நிரப்பிக் கொடுப்பவை.

பட்டியல்களை விட்டுவிட்டு, ஒரு மென்பொருள் எந்த வருமானத்தில் வாழ்கின்றது என்று பார்க்கத் தொடங்கினேன். எங்கள் வீடுகளில் பலரின் கணினிகளில் இலவசமாக இருந்த அவாஸ்ட் என்ற வைரஸ் தடுப்பு மென்பொருளின் கதை இதில் முக்கியமானது. பாதுகாப்புக்காக நிறுவப்பட்ட அந்த மென்பொருள், பயனர்கள் எந்தெந்த இணையத்தளங்களுக்குப் போகின்றார்கள் என்ற விபரங்களைத் திரட்டி, ஜம்ப்ஷொட் என்ற தன் துணை நிறுவனத்தின் மூலம் விற்று வந்தது. செய்தி வெளியானதும் 2020 இல் அந்தத் துணை நிறுவனம் மூடப்பட்டது. 2024 இல் அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையம் அவாஸ்ட் 16.5 மில்லியன் டொலர் செலுத்த வேண்டும் என்று உத்தரவிட்டது. பேஸ்புக் 2013 இல் வாங்கிய ஒனாவோ என்ற இலவச வி.பி.என். செயலியும், தனியுரிமையைக் காப்பதாகச் சொல்லிக்கொண்டே, மக்கள் எந்தச் செயலிகளை எவ்வளவு நேரம் பயன்படுத்துகின்றார்கள் என்பதைத் தன் முதலாளிக்குச் சொல்லிக்கொண்டிருந்தது; அதற்காக அவுஸ்திரேலிய நீதிமன்றம் 2023 இல் 20 மில்லியன் அவுஸ்திரேலிய டொலர் அபராதம் விதித்தது. ஆனால் இலவசம் கெட்டது, காசு கொடுத்தால் நல்லது என்று இதிலிருந்து முடிவுகட்ட முடியாது என்பதற்கு நானே சாட்சி. நான் காசு கொடுத்த செயலிதான் என்னை அந்த நிலைக்குக் கொண்டுவந்தது.

ஆகவே வருமானத்தைவிட ஆழமான கேள்வி ஒன்று தேவைப்பட்டது. ஒரு மென்பொருள் நல்லதா என்று கேட்பதை விட்டு, நாளைக்கு அது கெட்டுப்போனால் என்னிடமிருந்து எதை எடுத்துக்கொண்டு போகும் என்று கேட்கத் தொடங்கினேன். ஏனெனில் மென்பொருள்கள் கெட்டுப்போவது அபூர்வமன்று. கேம்ஸ்கேனர் என்ற பிரபலமான ஸ்கேன் செயலியில், அதற்குள் சேர்க்கப்பட்டிருந்த விளம்பர நிரல் ஒன்றின் வழியாகத் தீம்பொருள் (கெடுதல் செய்யும் மென்பொருள்) புகுந்திருந்ததை 2019 ஆகஸ்டில் கஸ்பர்ஸ்கி என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனத்தினர் கண்டுபிடித்தார்கள். நான் வைத்திருந்தது அந்தச் செயலியன்று. ஆனால் அதுவும் பல ஆண்டுகள் ஒழுங்காக இருந்த பின்னரே அந்த நிலைக்கு வந்தது. கோடிக்கு மேற்பட்ட தொலைபேசிகளில் இருந்த பார்கோட் வாசிப்புச் செயலி ஒன்று 2020 இறுதியில் வந்த ஒரு புதுப்பித்தலோடு தீம்பொருளாக மாறியது. குரோம் உலாவிக்கான த கிரேட் சஸ்பெண்டர் என்ற நீட்சியை (உலாவியோடு சேர்த்துக்கொள்ளும் சிறு மென்பொருளை) அதை ஆக்கியவர் 2020 இல் வேறொருவருக்கு விற்றார். புதியவரின் கையில் அது மாறிப்போனதால் 2021 பெப்ரவரியில் கூகுள் அதை நீக்கியது. நாங்கள் குடியிருக்கும்போதே வீட்டை எங்களுக்குச் சொல்லாமல் திறப்போடு இன்னொருவருக்கு விற்றுவிடுவது போன்றது இது. நாங்கள் ஒருகாலத்தில் நம்பியவர் இப்போது அங்கே இல்லை, எங்கள் பெட்டிகள் மட்டும் இருக்கின்றன. எனவே இப்போது ஆண்டுக்கு ஒரு தடவை என் தொலைபேசியிலுள்ள ஒவ்வொரு செயலியின் பக்கத்துக்கும் போய், அதை வெளியிடுபவரின் பெயர் மாறியிருக்கின்றதா என்று பார்க்கின்றேன். மாறியிருந்தால், காரணம் விளங்கும்வரை அதற்குள் எந்தப் பத்திரத்தையும் இடுவதில்லை.

எதை எடுத்துக்கொண்டு போகும் என்ற கேள்விக்கு விடை காண மிக எளிய ஒரு சோதனை இருக்கின்றது. அன்ட்ரொயிட் தொலைபேசியில் கமெரா, தொடர்பு இலக்கங்கள், இருப்பிடம் ஆகியவற்றுக்குச் செயலி அனுமதி கேட்கும். இணையத்தைப் பயன்படுத்துவதற்கோ எங்களிடம் கேட்பதேயில்லை, நிறுவும்போதே அது கிடைத்துவிடும். ஆகவே எந்தச் செயலியையும் நிறுவியவுடன் விமானப் பயன்முறையை இட்டுவிட்டு அதன் வேலையைச் செய்யச் சொல்லிப் பாருங்கள். ஸ்கேன் செய்யும் செயலியாக இருந்தால் படம்பிடித்து, ஓரத்தை வெட்டி, பிடிஎப் ஆக்கும் வரை இணையம் தேவைப்படக் கூடாது. கணக்குத் திறந்தால்தான் வேலை செய்வேன் என்றால், அதற்கு என் பத்திரம் வேண்டியிருக்கின்றது என்று பொருள். இந்தச் சோதனை செயலி ஒழுங்கானது என்பதை நிரூபிக்காது, ஏனெனில் இணையம் மீண்டும் வந்ததும் அது எதையும் அனுப்பக் கூடும். ஆனால் எந்தச் செயலி தன் வேலைக்கு என் தாளைக் கேட்கத் தேவையே இல்லை என்பதைத் தெளிவாகக் காட்டிவிடும். எங்கள் மொழியில் எழுதுபவர்கள் விசைப்பலகைச் செயலியையும் இதே கண்ணோடு பார்க்க வேண்டும். தமிழில் தட்டுவதற்காக நாங்கள் அகப்பட்டதை எல்லாம் நிறுவிவிடுகின்றோம். விசைப்பலகையோ நாங்கள் எழுதும் ஒவ்வோர் எழுத்தையும், கடவுச்சொற்கள் உட்பட, பார்க்கக்கூடிய இடத்தில் இருக்கின்றது. ஏ.ஐ.டைப் என்ற விசைப்பலகை நிறுவனம் சேகரித்து வைத்திருந்த 3 கோடிக்கு மேற்பட்ட பயனர்களின் விபரங்கள் 2017 இல் பாதுகாப்பற்ற தரவுத்தளம் ஒன்றில் வெளிப்பட்டுக் கிடந்தன.

இந்தத் தேடலின்போது என் தொலைபேசியைத் துப்புரவாக்கினேன். அதில் மறந்துபோன இலவச வி.பி.என். செயலி ஒன்று இன்னமும் இருந்தது. எங்கள் நாட்டில் பலரின் தொலைபேசிகளில் அது எப்படி வந்தது என்பது எல்லோருக்கும் தெரியும். 2018 மார்ச்சில் கண்டிக் கலவரத்தின்போதும், 2019 ஏப்ரலில் உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளின் பின்னரும், 2022 ஏப்ரல் 3 ஆம் திகதியும் சமூக ஊடகங்கள் முடக்கப்பட்டபோது, வெளிநாட்டிலுள்ள உறவுகளோடு பேசுவதற்காக முதலில் கண்ணில் பட்டதை நிறுவினோம். அந்த அவசரம் நியாயமானது. ஆனால் வி.பி.என். என்பது எங்கள் இணையப் போக்குவரத்து முழுவதையும் தொலைபேசிக் கம்பனியின் பார்வையிலிருந்து எடுத்து, அந்த வி.பி.என். நடத்துபவரின் பார்வைக்கு மாற்றுவது மட்டுமே. 2016 இல் அவுஸ்திரேலியாவின் சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. என்ற அரச ஆய்வு நிறுவனத்து ஆய்வாளர்களும் பங்குபற்றி 283 அன்ட்ரொயிட் வி.பி.என். செயலிகளைச் சோதித்தபோது, 75 சதவீதமானவற்றில் கண்காணிப்பு நிரல்கள் இருந்தன, 38 சதவீதமானவற்றில் தீம்பொருளின் அடையாளம் தென்பட்டது, 18 சதவீதமானவை எதையுமே குறியாக்கம் செய்யவில்லை, அதாவது பிறர் படிக்க முடியாத வடிவுக்கு மாற்றவில்லை. முடக்கம் நீங்கியதும் அதை நீக்கிவிடுங்கள் என்று அந்த நாட்களில் யாராவது ஒருவர் சொல்லியிருக்கலாம் என்று எனக்கு இப்போதும் ஆதங்கமாக இருக்கின்றது.

பிறகு, குறியாக்கம் என்ற சொல்லை விளம்பரத்தில் கண்டவுடன் நிறைவடையக் கூடாது என்பதையும் கற்றேன். என் பழைய செயலியும் கோப்புகள் குறியாக்கம் செய்யப்படுவதாகத்தான் எழுதியிருந்தது. போகும் வழியில் மூடி, அவர்களின் சேவையகத்தில் திறந்து வைப்பதும் குறியாக்கந்தான். அனுப்புபவரும் பெறுபவரும் தவிர நடுவில் இருக்கும் நிறுவனமும் திறக்க முடியாதபடி இருப்பதே முனைக்கு முனை குறியாக்கம். சூம் நிறுவனம் அப்படியொன்று தன்னிடம் இருப்பதாகச் சொல்லி, அது உண்மையில் இல்லாதிருந்ததால், 2020 நவம்பரில் அமெரிக்க வர்த்தக ஆணையத்தோடு இணக்கத்துக்கு வரவேண்டி நேர்ந்தது. டெலிகிராமில் இரகசிய உரையாடலைத் தனியாகத் தெரிவு செய்தாலே அந்தப் பாதுகாப்பு உண்டு, சாதாரண உரையாடல்களுக்கும் குழுக்களுக்கும் இல்லை. இதற்கு மாறாக, சிக்னல் என்ற செய்தி அனுப்பும் செயலியை நடத்துபவர்களிடம் 2016 இல் அமெரிக்க நீதித்துறை ஒரு பயனரின் விபரங்களைக் கேட்டபோது, கணக்குத் திறந்த நேரமும் கடைசியாக இணைந்த நாளும் மட்டுமே கொடுப்பதற்கு அவர்களிடம் இருந்தன. கொடுக்க மாட்டோம் என்று அவர்கள் வாக்குறுதி அளித்ததைவிட, கொடுப்பதற்கு எதுவும் கையில் வைத்திருக்கவில்லை என்பதே எனக்கு நம்பிக்கையைத் தந்தது. திறந்த மூல மென்பொருளையும் நான் இதே அளவோடுதான் மதிக்கின்றேன். நிரலைப் பிறர் பார்க்கலாம் என்பது பெரிய நன்மை. ஆயினும் 2024 மார்ச்சில் கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்.இசட். என்ற திறந்த மூலக் கருவிக்குள், நெடுங்காலம் நம்பிக்கையைச் சம்பாதித்த ஒரு பங்களிப்பாளரே பின்கதவை, அதாவது இரகசியமாக நுழையும் வழியை, ஒளித்து வைத்திருந்தது தெரியவந்தது. அதை அண்ட்ரஸ் பிறோயின்ட் என்ற பொறியியலாளர் கண்டுபிடித்தார்; கணினிக்குள் நுழைவதற்கு வழமையைவிட அரைச் செக்கன் கூடுதலாக எடுக்கின்றதே என்று தேடிப் போனதால் அது அகப்பட்டது. நிரல் திறந்திருந்ததால்தான் அவரால் தேடிக் கண்டுபிடிக்க முடிந்தது. ஆகவே திறந்த மூலத்தை விரும்பித் தேர்கின்றேன். ஆனால் அந்த ஒரு சொல்லுக்காக மற்றக் கேள்விகளைக் கேளாமல் விடுவதில்லை.

இப்போது கம்பியால் கணினியோடு இணைக்கும் சிறிய ஸ்கேனர் ஒன்றை 30,000 ரூபாய்க்குச் சற்று அதிகமாகக் கொடுத்து வாங்கி, நேப்ஸ்2 என்ற திறந்த மூல மென்பொருளோடு பயன்படுத்துகின்றேன். இணையம் இல்லாமலே எல்லாம் நடக்கின்றது. கோப்புகளை வெராகிரிப்ட் என்ற குறியாக்க மென்பொருள் மூலம் பூட்டிய ஒரு பகுதிக்குள் வைக்கின்றேன். மொழிபெயர்ப்பைக் கையளித்து மூன்று மாதங்களில் அழித்துவிடுவேன் என்று பற்றுச்சீட்டிலேயே திகதி எழுதிக் கொடுக்கின்றேன். எல்லோரையும் சிக்னலுக்கு மாற்ற முயன்றேன். எழுபது வயது தாண்டியவர்களிடம் அது நடக்கவில்லை, நான் வற்புறுத்தவும் இல்லை. அவர்களுக்குக் கடவுச்சொல் இட்ட பிடிஎப் கோப்பை வாட்ஸ்அப்பில் அனுப்பி, கடவுச்சொல்லைத் தொலைபேசியில் வாயால் சொல்கின்றேன். வாட்ஸ்அப் உரையாடல்கள் 2016 முதல் முனைக்கு முனை குறியாக்கம் செய்யப்பட்டவைதாம். ஆனால் கூகுளிலோ ஐகிளவுட்டிலோ சேமிக்கப்படும் அவற்றின் காப்புப் பிரதிக்கு அந்தப் பூட்டு 2021 இறுதியில்தான் வந்தது, அதையும் நாங்களாகவே இட வேண்டும். அமைப்புகளுக்குள் உரையாடல்கள் என்ற பகுதிக்குப் போய், உரையாடல் காப்புப் பிரதி என்பதைத் திறந்தால் அது அங்கே இருக்கும். பத்திரம் அனுப்ப வரும் ஒவ்வொருவரையும் தொலைபேசியில் வைத்துக்கொண்டே அதை இடச் செய்கின்றேன். அதற்குக் கொடுக்கும் கடவுச்சொல் மறந்துபோனால் வாட்ஸ்அப் நிறுவனத்தாலும் மீட்டுத்தர முடியாது. ஆகவே அதைத் தாளில் எழுதி, கடவுச்சீட்டு வைக்கும் இடத்திலேயே வைக்கச் சொல்கின்றேன்.